வலிக்காத கன்னம்

தேன்மொழிக்கும் பிரபுவுக்கும் அப்பா எழுதுவது.

இந்த நோட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். தேன்மொழியின் ரஃப் நோட்டு. முன்பக்கங்களில் பின்னக் கணக்கு இருக்கும். அதற்கு அடுத்த பக்கங்களில் கோணல் மாணலாக "தண்ணி", "மூக்குக் குழாய் இழுக்குது", "அம்மா சாப்பிட்டாளா" என்று எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் வாயைக் கட்டிப் போட்டிருந்தபோது நான் எழுதிக் காட்டியவை அவை. மிச்சம் கிடக்கும் தாள்களில் இதை எழுதுகிறேன். பேசியே சொல்லிவிடலாம்தான். ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இடது பக்கம் இழுக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவன். டாக்டர்கள் சொன்னதில் பாதி புரிந்தது, பாதி இன்றுவரை புரியவில்லை. புரியாததைப் புரியவில்லை என்றே எழுதுகிறேன். நீங்கள் படித்துப் பெரியவர்களானதும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைப் பல்லில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. நூல் மில்லில், லீவு போட்டவர்களுக்குப் பதிலாக நிற்கும் பதிலி ஆளாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கீழ்வரிசையில் இடது கடைவாய்ப் பல்லில் ஒரு ஓட்டை. ஒருநாள் வேலையில் நிற்கும்போது வலி காதுவரை ஏறிவிட்டது. அறுந்த இழையைச் சேர்க்க முடியாமல் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எங்கள் மேஸ்திரி என் வாயைத் திறக்கச் சொல்லி, மடியிலிருந்து புகையிலை ஒரு துளி கிள்ளி, அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினார். தலை சுற்றியது, வாந்தி எடுத்தேன். அரைமணி நேரத்தில் வலி மரத்துவிட்டது. பல் டாக்டரிடம் போ என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பல் டாக்டர் என்றால் வலி தாங்காதபோது பிடுங்கி எறிகிறவர். வலிதான் நின்றுவிட்டதே. சில வருடத்தில் அந்தப் பல் நொறுங்கி விழுந்துவிட்டது. புகையிலை மட்டும் அந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

மில்லில் அது தப்பாகவும் தெரியாது. உள்ளே எங்கே பார்த்தாலும் பஞ்சு. ஒரு பொறி போதும். அதனால் கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொரு ஆளையும் தடவி, பீடியும் தீப்பெட்டியும் இருந்தால் பிடுங்கி வைத்துவிடுவார். புகையிலை டப்பா கையில் தட்டுப்பட்டால் திறந்து தானும் ஒரு துளி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார். பஞ்சுத் தூசி தொண்டையில் இறங்காமல் இருக்கப் புகையிலை நல்லது என்றும் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பினேன். எட்டு மணி நேரமும் இடது கன்னத்தில் அது அடங்கிக் கிடக்கும்.

இனிமேல் எழுதப்போவது தேன்மொழிக்குத் தெரியும், பிரபுவுக்குத் தெரியாது. தேன்மொழி ஆறாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மா சென்னிமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். தேன்மொழி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, சோறு மெல்ல முடியவில்லை என்று அழுதாள். பார்த்தேன். இடது கீழ்க் கடைவாய், ஓட்டை. எனக்கு நடந்ததேதான். எனக்குத் தெரிந்த வைத்தியமும் ஒன்றுதான். கிள்ளி வைத்து அழுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்த்து, வாந்தி நிற்கவில்லை. சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருந்தது. சின்ன வயது டாக்டரம்மா. ஞாயிறு என்றாலும் அன்றைக்கு நம் நல்ல நேரத்துக்கு உள்ளே இருந்தார். தேன்மொழியின் வாயைக் கழுவித் துப்பச் சொல்லி, சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, "பொகையிலை யாருங்க வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தானுங்க. வலிக்குதுன்னு அழுதுச்சுங்க. எனக்குச் சின்ன வயசுல இப்படித்தானுங்க நின்னுது."

"நீங்க இன்னும் போட்டுட்டுதான் இருக்கீங்களா?"

மில் சங்கதியைச் சொன்னேன். பிள்ளை கொஞ்சம் தெளிந்ததும் என் வாயையும் பார்க்க வேண்டும் என்றார்.

"எனக்குப் பல்லு வலியே இல்லீங்களே."

"பல்லுக்கு மட்டும் டாக்டர் இல்லீங்க நாங்க. வாய் மொத்தத்துக்கும்தான். தொறங்க பாக்கலாம்."

மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விடச் சொன்னார். நல்ல வாய் என்றால் மூன்றும் போக வேண்டுமாம். எனக்கு இரண்டரைதான் போனது. அப்புறம் கன்னத்தை இழுத்துப் பிடித்து ஒரு குட்டிக் கண்ணாடியில் காட்டினார். புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு தடம். புகையிலையோடு சேர்க்கிற சுண்ணாம்பு வெந்ததாக இருக்கும் என்றேன். பஞ்சு வைத்துத் தேய்த்தார். போகவில்லை.

அவர் சொன்னதை என் மனசில் நின்ற அளவில் எழுதுகிறேன். இது புற்று இல்லை. ஆனால் புற்று இந்த மாதிரி இடத்தில்தான் சில பேருக்கு ஆரம்பிக்கும். யாருக்கு ஆரம்பிக்கும், யாருக்கு அப்படியே கிடக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். புகையிலையை விடச் சொன்னார். அந்த இடத்தில் இனி ஒரு துளிகூடப் படக் கூடாது என்றார். மூன்று மாதத்தில் வந்து காட்டச் சொன்னார்.

இல்லை என்கிறார், ஆனால் என்கிறார். இருக்கிறதா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில்தான். எனக்குக் குழப்பமாகிவிட்டது.

எல்லாவற்றிலும் எனக்கு நன்றாகப் புரிந்தது 'அந்த இடத்தில்' என்பது ஒன்றுதான். மறுநாளே புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். பழக்கமில்லாத பக்கம், முதல் வாரம் கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன். ஆனாலும் டாக்டர் சொன்னபடி நடக்கிறேன் என்று ஒரு பெருமை இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்தேன். மில்லில் என் மெஷினுக்கு மறுபக்கம் சைடு பார்க்கிற ரங்கசாமி, "அதுல கத்தி பட்டாப் பரவிப்போடுமப்பா, சும்மா கெடக்கறத எதுக்குச் சொறிஞ்சு உடறே?" என்றான். சீட்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்க வெள்ளை கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வலி என்று ஒன்று இருந்திருந்தால் ஓடியிருப்பேன். ஒரு நாள்கூட வலிக்கவில்லை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். குழம்பு சாப்பிடும்போது இடது பக்கம் சுரீர் என்று காந்த ஆரம்பித்தது. அம்மா மிளகாயைக் குறைத்தாள். அதோடு விட்டுவிட்டேன். தேன்மொழிக்கு அடைத்த பல்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருந்ததால் அம்மாதான் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். அப்படிப் போன ஒருநாள் டாக்டரம்மா, "அப்பா வந்து காட்டவே இல்லையே" என்று கேட்டு, தேன்மொழியின் கார்டுக்குப் பின்னால் 'அப்பாவை அவசியம் கூட்டி வரவும்' என்று எழுதி அனுப்பினார். அம்மா சொன்னாள், லீவு இல்லை என்றேன். தேன்மொழி சொன்னாள், வாரேன் போ என்றேன்.

அடுத்த நாள் அரை நைட் ஷிப்ட், மத்தியானம் போய் நடுராத்திரி திரும்புவது. சாயங்காலம் இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் புகையிலை இல்லை. அந்தக் கார்டுதான் மடித்துக் கிடந்தது. மெஷின் சத்தத்துக்குள் ரங்கசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஊட்டுல ரேசன் கார்டையே மெல்லச் சொல்லிப்போட்டாங்களா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கார்டின் முன்பக்கத்தில் தேன்மொழியின் பெயரும், அவளுடைய பல் வரிசையின் படமும், அதில் ஒரு பல்லை மட்டும் கறுப்பாக்கியதும் இருந்தது. நான் புகையிலை வைத்த பல். அன்றைக்கு வேறு யாரிடமும் ஒரு துளி கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை போனேன். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இடது கன்னத்தைக் குனிந்து பார்த்தார். வலது கன்னத்தை இழுத்து, அங்கேயும் ஒரு வெள்ளைத் தடத்தைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கம் எப்பங்க வந்துச்சு?"

"நீங்கதானுங்க அந்த எடத்துல வெக்க வேண்டாம்னு சொன்னீங்க. அன்னைக்கே இங்க மாத்திப்போட்டனுங்க."

கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "என்ற தப்புங்க. நான் இன்னும் வெளக்கமாச் சொல்லியிருக்கோணும்," என்றார். நான் தப்புச் செய்ய, டாக்டர் தன் தப்பு என்கிறாரே என்று எனக்கு மேலும் குழம்பிவிட்டது. அவரே கீழே இறங்கி வந்து, பூத்தில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வியாழக்கிழமைக்கு என் பெயரைப் பதிந்தார்.

இனி ஆஸ்பத்திரி நாட்கள்.

முதல் நாள் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து மில் ஆட்கள் என்று நினைத்தேன். பஞ்சுத் தூசிக்கு நாங்கள் கட்டுவது போலப் பாதிப் பேர் துண்டால் வாயைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் துண்டை விலக்கித் தண்ணீர் குடித்தபோதுதான் எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

சதை எடுப்பதற்குப் பயாப்ஸி என்று பெயர். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு கன்னத்திலும் அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்தார்கள். கத்தி பட்டால் பரவுமா என்று கேட்டேன். பரவாது, கெட்டது இருந்தால் கத்தி அதைக் காட்டத்தான் செய்யும் என்றார் வெட்டிய டாக்டர். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் கண்ணாடியே பார்க்கவில்லை. புகையிலையும் போடவில்லை. கை மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் மடியைத் தடவும்.

கழுத்தை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். வாய்க்குள் கெட்டது இருந்தால் முதலில் கழுத்தில் நெறி கட்டுமாம், அதைப் பார்ப்பதற்கு. ஸ்கேன் என்றால் மாசமாக இருப்பவர்களுக்கு எடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் பெஞ்சு முழுக்க அவர்கள்தான். தப்பான இடம் என்று எழுந்து போய், மறுபடியும் அங்கேயே அனுப்பப்பட்டு, மூன்றாவது தடவை வந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெண், "ஏனுங்ண்ணா, உங்களுக்கு எத்தனாவது மாசமுங்க?" என்று கேட்டது. பெஞ்சே சிரித்தது. அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முடிவு வந்தது. வலது பக்கம் வெறும் வெள்ளை. இடது பக்கம் புற்று, ஆரம்பம். கழுத்தில் ஒன்றும் இல்லை.

இங்கேதான் எனக்கு இன்றுவரை விளங்காத இடம் வருகிறது. நான் புகையிலையை எடுத்துவிட்ட பக்கத்தில் அது வந்திருக்கிறது. போட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் வரவில்லை. பெரிய டாக்டரிடம் கேட்டேன். "இருவது வருசத்துக்கும் மேல ஊறுன எடமுங்க அது. நீங்க உட்டுட்டீங்கன்னு அதுக்குத் தெரியாதுங்களே," என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து அம்மாவிடம் இதைத் திருப்பிச் சொல்லப் பார்த்தேன், சொல்ல வரவில்லை.

இன்னொரு குழப்பம் 'ஆரம்பம்' என்கிற வார்த்தை. மில்லில் ஒரு கோளாறு ஆரம்பம் என்றால் எங்களுக்குப் பயம்தான், இன்னும் என்னென்ன வருமோ என்று. இவர்கள் அதை நல்ல சேதி போலச் சொல்கிறார்கள். அம்மா என்னைப் போல் சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங்க டாக்டர், இவரு பொழைச்சுக்குவாருங்களா?" என்று நேராகக் கேட்டாள்.

"இப்படி ஆரம்பத்துல வந்தவங்க பெரும்பாலும் நல்லாயிருக்காங்கம்மா."

பெரும்பாலும் என்றால் அதில் நான் உண்டா என்று கேட்க அவளுக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஆபரேஷன் என்ன என்று சொல்கிறேன், பயப்படாமல் படியுங்கள். இடது கன்னத்தின் உட்பக்கத் தோலை, சுற்றி நல்ல இடமும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்துக்குத் தொடையில் இருந்து மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டு வைத்துத் தைத்தார்கள். ஒட்டு பிடிக்கும்வரை வாய் அசையக் கூடாது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். பேச்சு இல்லை. பிரபு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அப்பா ஏன் யானை மாதிரி இருக்கிறார் என்று கேட்டானாம். தேன்மொழி அன்றைக்குத்தான் இந்த நோட்டைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

நோட்டில் நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "தொடைத் தோலாச்சே, வாய்க்குள் முடி முளைக்குமா?" என்பது. அவர் அதை நர்ஸுகளிடமும் காட்டிச் சிரித்தார். முளைக்காதாம், மேல்தோல் மட்டும்தான் எடுத்தார்களாம். அதற்கு அடுத்த பக்கத்தில் "திரும்பப் பேச வருமா?" என்று இருக்கும். அதற்கு அவர் சிரிக்கவில்லை. வரும், கொஞ்சம் மாறி வரும் என்றார்.

அம்மா ராகிக் கஞ்சியை வேட்டித் துணியில் மூன்று தடவை வடிகட்டிக் கொண்டுவருவாள். திப்பி இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஊசிக்குழலில் எடுத்து மெதுவாக விடுவாள், விடும்போது அவள் வாயும் அவளை அறியாமல் விழுங்குவது போல அசையும். கிணத்துக்கடவில் இருந்து உங்கள் மாமா முதல் பஸ்ஸில் இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். எனக்குப் பேச முடியாது என்பதால் தானும் பேசக் கூடாது என்று நினைத்தாராம். பின்னால் அம்மா சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் வெள்ளகோவில்காரர் ஒருவர் இருந்தார். லாரி டிரைவர், என் வயதுதான். அவருக்கும் வாயில் கட்டு, பேச்சில்லை. நோட்டை வாங்கி எழுதுவார், நானும் எழுதுவேன். தேன்மொழி, அந்தப் பக்கம் மேல்மூலை மடங்கியிருக்கும், நீ பார்த்திருப்பாய். அவர் கையெழுத்து பெரிதாக இருக்கும்.

"உங்களுக்கு யார் கண்டுபிடிச்சது?"

"பல் டாக்டர்."

"வலிச்சுதா?"

"இல்லை."

பென்சிலை வாங்கிக்கொண்டார். பிறகு எழுதினார்: "எனக்கு வலிச்சதுக்கு அப்புறம்தான் போனேன்."

ஆடுகிற பல் என்று வழியில் யாரிடமோ பிடுங்கிக்கொண்டாராம். பிடுங்கின புண் மாதக்கணக்கில் ஆறாமலே இருந்ததாம். அவருக்குத் தாடை எலும்பையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். அதற்குமேல் கரண்ட் வேறு வைக்க வேண்டும் என்றார்கள். கரண்ட் என்றால் கதிர்வீச்சு. மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, மிச்சம் இருக்கும் கெட்ட அணுக்களை ஒரு மெஷினில் இருந்து வரும் கதிர் சுட்டுவிடும். எனக்கு அது வேண்டாம் என்றார்கள். அவருக்கு வைக்கிறார்கள், எனக்கு ஏன் இல்லை, கைவிட்டுவிட்டார்களா என்று ஒரு நாள் முழுக்கக் கலங்கிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை என்பதால்தான் இல்லை என்பதை நர்ஸ் வந்து இரண்டு தடவை சொன்ன பிறகே நம்பினேன். நம்பினதும் அவர் கட்டிலைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நான் கிளம்பும்போது அவர் வேறு வார்டுக்குப் போயிருந்தார். அப்புறம் என்ன ஆனார் என்று தெரியவில்லை. விலாசமும் வாங்கவில்லை. அவர் எழுதிய பக்கத்தை மட்டும் யாரும் கிழிக்க வேண்டாம்.

ஒட்டுப் பிடித்தது. குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தையாக உங்கள் அம்மா பெயரை, 'சரசு' என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். என்ன காதில் விழுந்ததோ, அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியிலும், நடுவில் பல் டாக்டரம்மாவிடமும் காட்டுகிறேன். புகையிலையை விட்டபின் வலது பக்க வெள்ளை மங்கியிருக்கிறதாம். மங்கினதை வைத்து நானாக முடிவு செய்யக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். ரங்கசாமியை இழுத்துக்கொண்டு போனேன். முதலில் நான் சொன்னதையே அவனும் டாக்டரம்மாவிடம் சொன்னான்: "எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என் வாயைத் திறந்து அவனுக்குக் காட்டினேன். அதற்கப்புறம் நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டான். ஒன்றும் இல்லை, இரண்டு பல்லில் ஓட்டை மட்டும். அடைத்துக்கொண்டு வந்தான்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் போய்க் காட்டுங்கள். வெள்ளையோ சிவப்போ தெரிந்தால் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வலி வராதபோதே வருடத்துக்கு இரண்டு தரம் பல் டாக்டரிடம் வாயைத் திறங்கள். பல்லில் ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் உள்ளே வந்தது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, டாக்டரம்மா சொன்னது. ஆனால் இது ஒன்று எனக்குப் புரிகிறது.

முந்தாநாள் சாயங்காலம் வழக்கம் போல தேன்மொழி டார்ச் அடித்து என் கன்னத்தைப் பார்த்தாள். மூன்று விரலை வைக்கச் சொன்னாள். இரண்டுதான் போனது. ஒட்டு இழுக்கிறது, பழகப் பழக வரும் என்றிருக்கிறார்கள். அப்புறம் நான் டார்ச்சை வாங்கி, உன் வாயைத் திற கண்ணு என்றேன். இடது கீழ்க் கடைவாயில், மேஸ்திரி எனக்கும் நான் அவளுக்கும் புகையிலை வைத்த அதே பல்லில், மிளகு அளவுக்கு ஈய நிறத்தில் அடைப்பு இருந்தது. சுற்றிலும் பல் வெள்ளையாக, முழுசாக இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியவில்லை.

"அப்பா, போதும்ப்பா, தாடை வலிக்குது," என்றாள்.

மூடிக்கொள்ளச் சொன்னேன்.